விண்வெளிக் கதைக்கு ஒரு சாக்கியார்

2023 ஆகஸ்ட் 23, புதன்கிழமை, காலை 6:30. டிஸ்னி ஹாட்ஸ்டாரில் ஸ்டார் வார்ஸ் வரிசையின் 'அஹ்சோகா' தொடரின் முதல் இரண்டு அத்தியாயங்கள் வந்து இறங்குகின்றன. அமெரிக்காவில் அது செவ்வாய்க்கிழமை இரவு. திருவனந்தபுரத்தில் பால் பாக்கெட்டும் செய்தித்தாளும் வாசலுக்கு வரும் வேளை. திரையில் ஒருத்தி ஒளிவாளால் பழங்கால இடிபாட்டின் தளத்தை அறுத்து, உள்ளே குதித்து, ஒரு நட்சத்திர வரைபடத்தைத் தேடுகிறாள். அதே நாள் மாலை 6:04. விக்ரம் லேண்டர் நிலவின் தென்துருவப் பகுதியில் கால் ஊன்றுகிறது. அதைச் சுமந்து சென்ற எல்விஎம்-3 ராக்கெட் இதே நகரத்தின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் உருவானது. இஸ்ரோவின் யூடியூப் நேரலையை அந்த நிமிடம் 80 லட்சம் பேருக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கற்பனை விண்வெளியும் நிஜ விண்வெளியும் ஒரே கைபேசியில், ஒரே பகலில்.

இரண்டுக்கும் பிறகு நடந்தது ஒன்றேதான்: பேச்சு. லேண்டர் இறங்கியதும் யாரும் டிவியை அணைத்துவிட்டுப் படுக்கப் போகவில்லை. ஏன் தென்துருவம், போன முறை எங்கே பிசகியது, ரோவர் எப்போது வெளியே வரும் என்று யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டியிருந்தது. 'அஹ்சோகா'வைப் பார்த்தவர்களுக்கும் அதே தேவை. அவர்கள் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, அத்தியாயத்தைத் திரும்பச் சொல்லி அலசும் ரீகேப் பாட்காஸ்ட்களைத் தேடிப் போனார்கள். ஓர் அத்தியாயம் முக்கால் மணி நேரம் ஓடும். அதைப் பற்றிய பேச்சு சில சமயம் மூன்று மணி நேரம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வேலையற்றோர் வேலை. இந்தக் கட்டுரையின் வாதம் வேறு. பார்த்த கதையைத் திரும்பச் சொல்லி, கிளறி, சண்டை போடுவதுதான் ரசிகனாக இருப்பதில் பாதி. கேரளத்துக்கும் தமிழகத்துக்கும் அந்தப் பாதி வெகு பழக்கம். இன்று இப்படிப்பட்ட தொடர்கள் பற்றிய பேச்சு பெரும்பாலும் அயல்நாட்டிலிருந்து இறக்குமதியாகிறது என்பதில்தான் நமக்கு நஷ்டம்.

முன்கதை தெரியாமல் உள்ளே வராதே

2019 நவம்பரில் 'தி மாண்டலோரியன்' தொடங்கியதிலிருந்து ஸ்டார் வார்ஸ் என்பது சினிமாவைவிட அதிகம் தொலைக்காட்சிக் கதையாகிவிட்டது. 'போபா ஃபெட்', 'ஓபி-வான் கெனோபி', 'ஆண்டோர்', 'அஹ்சோகா', 'தி அக்கோலைட்' என்று வரிசையாக வந்தன. இவற்றில் 'அஹ்சோகா'வின் சங்கதி தனி. அதை முழுதாக அனுபவிக்க வேண்டுமென்றால் 'குளோன் வார்ஸ்', 'ரெபல்ஸ்' என்ற இரண்டு கார்ட்டூன் தொடர்களையும் பார்த்திருக்க வேண்டும். சேர்த்தால் 200 அத்தியாயங்களுக்கு மேல். த்ரான் யார், எஸ்ரா ஏன் காணாமல் போனான், சபீன் ஏன் கோபமாக இருக்கிறாள் என்பதெல்லாம் அங்கே கிடக்கின்றன. மகாபாரதத்தை உத்தியோக பருவத்தில் தொடங்கிக் கேட்பவன் நிலைமைதான் புது ரசிகனுக்கு. முன்கதை சொல்ல ஒருவர் வேண்டும். அந்த இடத்தில்தான் பாட்காஸ்ட் வந்து உட்கார்ந்தது.

இந்த வடிவத்தின் தொடக்கமும் விண்வெளியை ஒட்டியதே. 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா'வின் மறு ஆக்கத்தை நடத்திய ரொனால்ட் டி. மூர், 2005 வாக்கிலேயே ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் ஓர் ஒலிப்பதிவு வெளியிட்டார். எது சரியாக வந்தது என்பதோடு நிற்கவில்லை. இரண்டாம் சீசனில் ஓர் அத்தியாயம் தேறவில்லை என்று படைத்தவரே பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். பட விளம்பரப் பேட்டி மட்டுமே கேட்டுப் பழகிய நம் காதுகளுக்கு இது விசேஷம். இன்று ஜோயன்னா ராபின்சன், மல்லரி ரூபின் நடத்தும் 'ஹவுஸ் ஆஃப் ஆர்', 'குளோன் வார்ஸ்' தொடரை அரசியல் கண்ணோடு அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்துப் பேசும் 'எ மோர் சிவிலைஸ்டு ஏஜ்' என்று இது ஒரு தனித் துறையாகிவிட்டது.

■ பெட்டி: தும்பாவிலிருந்து ஹாட்ஸ்டார் வரை

1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து நைக்-அப்பாச்சி ராக்கெட் ஏறியது. பூமியின் காந்த நடுக்கோடு அருகே செல்வதால் தேர்ந்தெடுக்கப்பட்ட மீனவ ஊர் அது. புனித மேரி மகதலேனா தேவாலயமே முதல் அலுவலகம், இன்று விண்வெளி அருங்காட்சியகம். 1985இல் திருவனந்தபுரம் தூர்தர்ஷன் மலையாள நிகழ்ச்சிகளைத் தொடங்கியது. அந்தப் பத்தாண்டில் தேசிய ஒளிபரப்பில் பழைய 'ஸ்டார் ட்ரெக்' வந்தது. பிறகு இந்தியில் 'ஸ்பேஸ் சிட்டி சிக்மா', 1998இல் மிலிந்த் சோமன் நடித்த 'கேப்டன் வியோம்'. தமிழில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' பத்திரிகையிலிருந்து தூர்தர்ஷனுக்குப் போனது. 2019 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தது. 2020 ஏப்ரல் 3இல், ஊரடங்கின் நடுவில், டிஸ்னி ஹாட்ஸ்டார்.

கூத்தம்பலத்தில் கேட்ட குரல்

திருவனந்தபுரத்தில் 1970இல் தொடங்கப்பட்ட மார்கி என்ற நிறுவனம் கதகளியையும் கூடியாட்டத்தையும் வளர்த்துவருகிறது. கூடியாட்டத்தை 2001இல் யுனெஸ்கோ மானுடத்தின் அரிய மரபுச் செல்வமாக அறிவித்தது எல்லோருக்கும் தெரியும். அதற்குள் இருக்கும் நிர்வஹணம் என்ற பகுதியைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. பாத்திரம் மேடைக்கு வந்ததும் கதை முன்னே நகராது. நான் இங்கே எப்படி வந்தேன், அதற்கு முன் என்ன நடந்தது, அதற்கும் முன்? என்று கேள்வி கேள்வியாக நடிகர் பின்னோக்கிப் போவார். ஆதியைத் தொட்டபின் அங்கிருந்து சுருக்கமாகச் சொல்லிக்கொண்டு, நிறுத்திய இடத்துக்குத் திரும்புவார். இதற்கே பல இரவுகள் பிடிக்கும். பார்க்க வந்தவர்களுக்குக் கதை தெரியாதா? நன்றாகவே தெரியும். தெரிந்த கதையை எந்த வழியாகச் சுற்றிக் கொண்டுவருகிறார் என்று பார்க்கவே வந்திருக்கிறார்கள். 'அஹ்சோகா' வெளியான வாரத்தில் 'ரெபல்ஸ்' முழுவதையும் திரும்பச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வந்த பாட்காஸ்ட்காரர்களின் வேலையும் வடிவத்தில் இதுதான்.

தனி ஒருவர் கதை சொல்லும் சாக்கியார் கூத்து இன்னும் நெருக்கம். ஒரு சமஸ்கிருத சுலோகம். அதற்கு மலையாளத்தில் விளக்கம். விளக்கத்தின் நடுவே ஊர் நியாயம், அரண்மனை வம்பு, முன்வரிசைக்காரரின் தொப்பை. குறுக்கே யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது மரபு. ஆக, இதுவும் ஒருவழிப் பேச்சுதானே என்று கேட்கலாம். ஆமாம், ஒருவழிதான். ஆனால் பேசுகிறவர் முன்னால் உட்கார்ந்திருப்பவனைப் பற்றிப் பேசுகிறார். ராவணனைச் சொல்லி ஊர்ப் பெரியமனிதரைக் குத்துகிறார். லாஸ் ஏஞ்சலஸில் மைக் முன் அமர்ந்திருப்பவருக்குத் திருவனந்தபுரத்தின் கழக்கூட்டத்தில் ஒருவன் கேட்டுக்கொண்டிருப்பதே தெரியாது. இந்த ஒரு வேறுபாட்டின் விலை என்ன என்பதைப் பின்னால் பார்க்கப் போகிறோம்.

அயல் கதையை உள்ளூர் வாயில் கேட்பதும் கேரளத்துக்குக் கைவந்த பழக்கம்தான். 1960களில் கொல்லத்துக்காரரான வி. சாம்பசிவன் கதாபிரசங்க மேடையில் டால்ஸ்டாயின் நாடகத்தை 'அனீஸ்யா' என்று சொன்னார், 'ஒதெல்லோ'வைச் சொன்னார். கோயில் திருவிழா மைதானத்தில் பாயை விரித்து, விடிய விடிய ஷேக்ஸ்பியரைக் கேட்ட தலைமுறை ஒன்று அங்கே இருந்தது. அவர்களில் எத்தனை பேர் பிறகு மூலத்தைப் படித்தார்கள் என்பது பெரிய விஷயமே இல்லை. டெஸ்டிமோனாவுக்காக அவர்கள் மலையாளத்தில் அழுதார்கள்.

தமிழர்கள் இதைப் பத்திரிகையில் செய்தோம். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாரம்தோறும் வந்தது. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று வீட்டுத் திண்ணையிலும் ரயிலிலும் நடந்த வழக்குகளுக்குத் தீர்ப்பு இன்னும் வரவில்லை. தொடர் பொசுக்கென்று முடிந்துவிட்டதாக வாசகர்கள் குறைப்பட்டதால், ஆசிரியரே ஒரு முடிவுரை எழுதி, பாத்திரங்கள் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று பதில் சொன்னார். மூர் மைக்கைப் பிடிப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பு அது. 2022இலும் 2023இலும் மணிரத்னத்தின் படங்கள் வந்தபோது, நந்தினி யார் மகள் என்று விளக்கும் வீடியோக்கள் யூடியூபில் குவிந்தன. பழைய திண்ணைக்குப் புது விலாசம்.

■ பெட்டி: காத்திருப்பின் கணக்கு

ரீகேப் வாழ்வது இரண்டு அத்தியாயங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியில். 'ஆண்டோர்' முதல் சீசன் 2022 செப்டம்பர் 21 அன்று மூன்று அத்தியாயங்களோடு தொடங்கி, பின் வாரம் ஒன்றாக 12 வரை போனது. இரண்டாம் சீசன் 2025 ஏப்ரல் 22 முதல் மே 13 வரை வாரத்துக்கு மூன்று வீதம் நான்கே வாரங்களில் முடிந்துவிட்டது. பேசுவோருக்கு மூச்சு முட்டியது. எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டுவதைப் பழக்கமாக்கிய நெட்ஃபிளிக்ஸே 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' கடைசி சீசனை 2025 இறுதியில் மூன்று தவணையாகப் பிரித்தது. 'பொன்னியின் செல்வன்' வாசகர்கள் மூன்றரை ஆண்டுக்கு மேல் காத்திருந்தார்கள்.

கடன் வாங்கிய கருத்தா?

முதல் ஆட்சேபணை நியாயமானது. பாட்காஸ்ட் கேட்டுக் கேட்டு, சொந்தமாக யோசிக்கும் சக்தி போய்விடாதா? அத்தியாயம் முடிந்த சூட்டோடு இன்னொருவர் கருத்தை வாங்கி வாயில் போட்டுக்கொண்டால், நாம் பார்த்தது என்ன ஆயிற்று? இந்த ஆபத்து உண்டு. 2021இல் 'வாண்டாவிஷன்' தொடர் வந்தபோது அது கண்முன்னே நடந்தது. மெஃபிஸ்டோ என்ற வில்லன் கடைசியில் வரப்போகிறான் என்று ரசிகப் பேச்சு வாரம் வாரம் ஊதிப் பெரிதாக்கியது. அவன் வரவே இல்லை. துக்கத்தைப் பற்றிய ஒரு கதையைப் பார்த்து முடித்தவர்களில் ஒரு பகுதியினர், வராத விருந்தாளிக்காகக் கோபித்துக்கொண்டார்கள். பேச்சு கதையைத் தின்றுவிட்ட கேஸ் இது.

ஆனால் எல்லாப் பேச்சும் ஒரே ஜாதி இல்லை. நம் யூடியூபில் பத்து நிமிடத்தில் முழுப் படத்தையும் சொல்லிவிடும் வாய்ஸ் ஓவர் சானல்கள் உண்டு. கதாநாயகன் எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் அவற்றில் அவன் 'நம்ம ஹீரோ'. அவை படத்துக்குப் பதிலாகத் தம்மைக் கொடுக்கின்றன. கேட்டவர் படம் பார்க்க வேண்டியதில்லை. நல்ல ரீகேப் பாட்காஸ்ட் அப்படிச் செய்ய முடியாது. பார்க்காதவருக்கு அதில் ஒன்றும் புரியாது. இருவர் பேசும்போது ஒருவருக்குப் பிடித்ததும் மற்றவருக்குப் பிடிக்காததும் மோத வேண்டும். கேட்பவர் மனசுக்குள் மூன்றாவதாக ஒரு கட்சி கட்ட வேண்டும். பட்டிமன்றத்துக்குப் போய்வந்தவர் நடுவர் தீர்ப்பை அப்படியே ஏற்றுக்கொண்டா வீடு திரும்புகிறார்? வழியெல்லாம் நடுவரைத் திட்டிக்கொண்டுதானே வருகிறார்.

இரண்டாவது ஆட்சேபணை காசு பற்றியது. டிஸ்னி 2012இல் லூகாஸ்ஃபிலிமை 400 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. இந்த மணிக்கணக்கான பேச்செல்லாம் அந்தக் கம்பெனிக்கு ஓசி விளம்பரம்தானே? பெருமளவுக்கு உண்மை. ரசிகனின் விசுவாசத்துக்கு அங்கே வாக்குரிமையும் இல்லை. 'தி அக்கோலைட்' 2024 ஜூன், ஜூலையில் எட்டு அத்தியாயங்களாக வந்தது. நாயகியாக நடித்த அமான்ட்லா ஸ்டென்பெர்க் மீது நிறவெறி வசை பொழிந்தது. ஆகஸ்டில், இரண்டாவது சீசன் இல்லை என்று செய்தி வந்தது. அந்தத் தொடரைத் திட்டுவதையே தொழிலாக்கிக்கொண்ட வீடியோக்காரர்கள் அந்த இரண்டு மாதமும் நன்றாகச் சம்பாதித்திருப்பார்கள். கோபத்துக்கு ஆதரவைவிடச் சந்தை பெரிது. இதை மறைத்துவிட்டு ரசிக வாழ்க்கையைக் கொண்டாடுவது ஏமாற்று வேலை. இருந்தாலும், கம்பெனிக்கு லாபம் என்பதால் பேச்சு பொய்யாகிவிடாது. கல்கி இதழின் விற்பனைக்கும் 'பொன்னியின் செல்வன்' உதவியதுதான். திண்ணை வழக்கை அதனால் யாரும் விளம்பரம் என்று ஒதுக்கவில்லை.

மூன்றாவது ஆட்சேபணை இந்த ஊருக்கே உரியது. ராக்கெட் வேலை நடக்கும் தும்பாவும் வலியமலையும் இருக்கும் நகரம்; வெற்றிடத்தில் சத்தம் கேட்காது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை சொல்லும்; இங்கே ஒளிவாளும் மாய சக்தியும் எதற்கு? பதில் எளிது. ஸ்டார் வார்ஸ் வகைக் கதைகள் அறிவியலைச் சொல்லித்தருவதாக ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. சக்கரவர்த்தி, சீடன், குலப்பகை, தொலைந்த இளவரசன் என்று அவை இதிகாசச் சாமான்களால் கட்டப்பட்டவை. வான்வெளி அவற்றுக்கு வெறும் மேடை. புஷ்பக விமானத்தை ரசிப்பவர் எரிபொருள் கணக்குக் கேட்பதில்லை. அப்படிக் கணக்குக் கேட்டு, அதுவே பழைய காலத்து ராக்கெட் என்று மேடையில் முழங்குபவர்தான் அறிவியலுக்கு ஆபத்து. இது கதை என்று தெரிந்து ரசிப்பவரால் வலியமலைக்கு ஒரு கெடுதலும் இல்லை.

காக்கயத்தை யார் சொல்வது?

உண்மையான நஷ்டம் எங்கே என்பதற்கு 'ஆண்டோர்' நல்ல சாட்சி. ஒளிவாளே இல்லாத ஸ்டார் வார்ஸ் அது. முதல் சீசனில் நாயகன் எதுவும் செய்யாமலே பிடிபட்டு, நார்கினா என்ற சிறைக்குப் போகிறான். கைதிகள் வெறுங்காலுடன் நிற்க வேண்டும். தளத்தில் மின்சாரம் பாயும். தண்டனை முடிந்தவரும் வெளியே போவதில்லை என்பது மெல்லத் தெரியவருகிறது. தொடரை உருவாக்கிய டோனி கில்ராய், அதில் வரும் கஜானாக் கொள்ளைக்கு 1907இல் திபிலிசியில் ஸ்டாலினின் கூட்டாளிகள் அடித்த வங்கிக் கொள்ளை ஒரு தூண்டுதல் என்று பேட்டியில் சொன்னவர். அமெரிக்கப் பாட்காஸ்ட்கள் தங்களுக்குத் தெரிந்த உவமைகளோடு இதைப் படித்தன: நாஜி ஜெர்மனி, பிரெஞ்சு எதிர்ப்பு இயக்கம், தங்கள் நாட்டுச் சிறைகள். அவர்கள் வேலையை அவர்கள் ஒழுங்காகச் செய்தார்கள்.

திருவனந்தபுரத்தில் அதைக் கேட்பவனிடம் வேறு ஞாபகங்கள் உண்டு. 1976 மார்ச்சில், நெருக்கடி நிலைக் காலத்தில், கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜன் போலீசால் பிடித்துச் செல்லப்பட்டு காக்கயம் முகாமில் சித்திரவதை செய்யப்பட்டார். உடல் கிடைக்கவே இல்லை. தந்தை ஈச்சர வாரியர் தொடுத்த ஆட்கொணர்வு வழக்கு, 1977இல் முதலமைச்சராகியிருந்த கருணாகரனின் பதவியைப் பறித்தது. அந்தத் துயரத்தின் சாயலில் ஷாஜி என். கருண் 1988இல் எடுத்த படம் 'பிறவி'. திரும்பி வராத மகனுக்காகத் தினமும் பஸ் பார்த்து நிற்கும் கிழவர், மந்திரியைப் பார்க்க இந்தத் திருவனந்தபுரத்துக்கே வருகிறார். பிரேம்ஜி நடித்த அந்தப் பாத்திரத்தின் பெயர் ராகவ சாக்கியார். 'ஆண்டோர்' இரண்டாம் சீசன் ஓடிக்கொண்டிருந்த 2025 ஏப்ரல் 28 அன்று ஷாஜி என். கருண் இதே நகரில் காலமானார். ஒரு சீரியல் சிறைக்கும் நம் மண்ணின் முகாமுக்கும் இடையே கோடு போட்டுக் காட்ட அந்த வாரத்தைவிடப் பொருத்தமான வாரம் வாய்த்திருக்காது. அந்தக் கோட்டை நியூயார்க்கில் இருப்பவர் போட முடியாது. அவரைக் குறை சொல்லவும் முடியாது.

இங்கே ஒரு மறுப்பு எழும். ஏன் இந்த உள்ளூர்ப் பிடிவாதம்? ஆங்கிலம் தெரிந்தவன் ஆங்கிலத்தில் கேட்கிறான். காக்கயம் அவன் மனசுக்குள் தானாக வரட்டுமே. வரலாம். ஆனால் கேட்டுக் கேட்டுப் பழகிய உவமைகள்தான் முதலில் வரும். சர்வாதிகாரம் என்றதும் ஐரோப்பா மட்டும் நினைவுக்கு வருகிற, 1976 நினைவுக்கு வராத ஓர் இளைஞன் உருவாவதற்குப் பாடப்புத்தகம் மட்டும் காரணமில்லை. அவன் விரும்பிக் கேட்கும் பேச்சும் காரணம். இரண்டு குரலும் காதில் விழட்டும் என்பதற்கு மேல் இந்த வாதம் எதையும் கேட்கவில்லை.

நம் மொழியில் இதைப் பேச வராது என்பதும் பொய். 2025 ஆகஸ்டில் 'லோகா' படம் வந்தபோது கள்ளியங்காட்டு நீலி, சாத்தன், கத்தனார் என்று ஒவ்வொரு குறிப்பையும் பிடித்து மலையாள ரசிகர்கள் அலசினார்கள். நீலி நமக்கும் உறவுக்காரி என்பதால் தமிழிலும் அலசல் நடந்தது. திருவனந்தபுரத்துக்கு இரு மொழி, மும்மொழிப் புழக்கம் புதிதா என்ன? மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டே தமிழில் எழுதினார் நகுலன். சாலைக் கடைத்தெருவைக் கதைகளாக்கினார் ஆ. மாதவன். நீல. பத்மநாபன் தமிழோடு மலையாளத்திலும் எழுதினார். சினிமாவைப் பேசும் சானல்களுக்கும் இரு மொழியிலும் பஞ்சமில்லை. இல்லாதது, ஓர் அயல் தொடரை வாரம் ஓர் அத்தியாயமாக எடுத்து, வசூலையும் ஸ்டாரையும் ஒதுக்கிவைத்து, ஒரு மணி நேரம் பொறுமையாகப் பேசும் பழக்கம். டாலரில் சந்தா வாங்கும் அமெரிக்கரால் அதையே வேலையாக வைத்துக்கொள்ள முடிகிறது. இந்த ஊர் டெக்னோபார்க்கின் ஐடி கம்பெனியில் ஷிப்ட் முடித்து வருபவர் ராத்திரி பதினோரு மணிக்கு மைக்கை எடுக்க வேண்டும். படத்துணுக்கு சேர்த்தால் காப்புரிமைப் புகார் வேறு வரும். பாட்காஸ்டுக்குக் குரல் போதும் என்பது ஓர் ஆறுதல்.

கேட்க ஆள் வருமா என்பதுதான் கடைசிக் கேள்வி. இந்த ஊர் அதற்கு ஒருமுறை பதில் சொல்லியிருக்கிறது. 1965இல் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் சித்ரலேகா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கியது முதல், படம் முடிந்ததும் கலையாமல் நின்று பேசுவது இங்கே ஒரு வழக்கமானது. கேரள சர்வதேசத் திரைப்பட விழாவின் ஓப்பன் ஃபோரத்தில் டிசம்பர்தோறும் சண்டை நடக்கிறது. டெலிகேட் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எல்லோரும் விமர்சகர்கள். தென்கொரிய இயக்குநர் கிம் கி-டுக்கை இந்த விழா 2005இல் அறிமுகம் செய்தபோது, சொந்த நாட்டிலேயே அவருக்குப் பெரிய கூட்டம் கிடையாது. 2013இல் அவர் விழாவுக்கு நேரில் வந்தார். திருவனந்தபுரம் வீதியில் நடக்கப் போனவரை அடையாளம் கண்டு ஜனம் சூழ்ந்துகொண்டது. அவர்களில் பெரும்பாலோருக்குக் கொரிய மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. அந்த எட்டு வருடமும் அவரைப் பற்றிப் பேசியது மலையாளத்தில்.